பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய்

1

இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது என்று எனக்கு அறிவிப்பது நாட்காட்டி அல்ல, தேங்காய் எண்ணெய்ப் போத்தல். ஐப்பசி கழிந்தால் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டிதான். தலைக்கு வைப்பதென்றால் கரண்டியால் குடைய வேண்டும். அதனால் ஜேர்மனியில் இருக்கிற முக்கால்வாசித் தமிழ் வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒரு சின்னப் போத்தல் எண்ணெய், சமையலறை ஹீற்றருக்கு மேலே உள்ள பலகையில் குடியிருக்கும். சித்திரை பிறக்கும்வரை அதற்கு அதுதான் விலாசம்.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று என் கணவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மூன்று சொல். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மூன்று சொல்லின் பெறுமதி விளங்க வேண்டுமென்றால் போன தை மாதம் எங்கள் கார்ப் பூட்டுக்கு நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

ஊரில் இருக்கும் என் பள்ளித் தோழி வசந்தி ஒவ்வொரு முறை கதைக்கும்போதும், "சொந்தக் கார், சொந்தமா ஓடுறாய், உனக்கென்னடி குறை?" என்பாள். அவளுக்காகவும் சொல்கிறேன். இங்கே பூட்டு உறையும். மழை பெய்து ஓய்ந்த கையோடு குளிர் இறங்கினால், துவாரத்துக்குள் போன ஈரம் விடியும்போது கல்லாகியிருக்கும். திறப்பு, அதுதான் சாவி, உள்ளே போகாது. போனாலும் திரும்பாது. பலத்தைக் காட்டினால் முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். இப்போது வருகிற கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹம்பேர்க்கில் வேலை செய்யும் எங்கள் மகள் அபி தன் காரைக் கைபேசியால் திறக்கிறாள். எங்களுடையது இருபத்திரண்டு வயது நீலக் கார். தூர நின்று பொத்தானை அமத்தித் திறக்கும் வசதி அதற்கும் ஒரு காலத்தில் இருந்தது. அது செத்து ஏழெட்டு வருடம்.

உறைந்த பூட்டுக்கு அடிக்கவென்று கடையில் ஒரு சின்னக் குப்பி விற்கிறார்கள். அடித்தால் ஐஸ் இளகும். நல்ல சாமான். அதை வாங்கி எங்கே வைப்போம்? காருக்குள்தான். பூட்டிய காருக்குள் பூட்டைத் திறக்கும் மருந்தை வைத்துவிட்டு வெளியே நின்று கண்ணாடியூடாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் மூளைக் குறைவு என்று நீண்டகாலம் நினைத்திருந்தேன். இல்லை, ஜேர்மன்காரரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறுதலாக இருந்தது.

2

என் கணவர் பெயர் சிவநேசன். நான் 'இவர்' என்றே எழுதுகிறேன், பழக்கம் போகாது.

இவர் யாழ்ப்பாண நகரத்தில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை செய்தவர். பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் கிடையாது, எஞ்சின் ஒயில் கிடையாது, கிறீஸ் கிடையாது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காட்டுவார்கள், குழந்தைக்கு மருந்து பருக்குவதுபோல. சைக்கிள் செயினுக்கும் தையல் மெசினுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் தேங்காய் எண்ணெய். இரவில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதே எண்ணெய்தான், அதுவும் கிடைத்தால். விற்கச் சாமான் இல்லாத கடையில் நின்ற இவர், கழற்றிய பழைய சாமான்களைத் துடைத்து, எது எந்த வாகனத்தினது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லப் பழகினாராம். கலியாணம் பேசி வந்தபோது இவருடைய அப்பா, என் மாமா, இதைத்தான் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

இங்கே வந்து டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு கார் வேலைத்தலத்தில் இருபத்தாறு வருடம். பிறகு சீனி வருத்தம். எங்கள் ஆட்களுக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி, எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்கும். இவருக்கு அது இடது கண்ணைப் பிடித்தது. விழித்திரையில் நீர் கோர்த்துவிட்டது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், விடாமல் போட வேண்டும், ஒரு தவணை தவறி அதற்குள் போகும் பார்வை திரும்பி வராது என்று டொக்டர் சொன்னார். வலது கண் நல்ல கண். 'நல்ல கண்' என்றே வீட்டில் அதற்குப் பெயர்.

வாகனம் ஓட்டுவதை நிறுத்தச் சொன்ன அன்று இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

"இனி ஓடுறது நீர். காரைப் பாக்கிறது நான்."

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. சாரதிப் பயிற்சிப் பள்ளியில் என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என் மகளின் வயதுகூட இல்லை. எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டு மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். இவர் சொன்னபடியே தன் பங்கைச் செய்தார். கார்த்திகையில் குளிர்கால டயர், சித்திரையில் கோடைகால டயர், கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு உறையாத மருந்து, கதவு றபருக்குப் பூச்சு, பூட்டுக்கு எண்ணெய். நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று எஞ்சின் சத்தத்தை வைத்து, "இண்டைக்கு ரெண்டாம் கியரில கனதூரம் இழுத்திருக்கிறீர்" என்பார். பிடிபட்ட எரிச்சல் வரும். ஆனால் இந்த நாட்டில் என் சத்தத்தை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறவர் வேறு யார்?

பூட்டு எண்ணெய் போன வருடம் அபி வாங்கி வந்தது. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், இரண்டு நாள் நின்றாள். பொங்கலுக்கு லீவு இல்லையாம். நாங்கள் தமிழில் கேட்க அவள் ஜேர்மனில் பதில் சொல்ல, இடையில் காப்பி ஆறிப்போகும். பாசமில்லாத பிள்ளை அல்ல. பாசத்தை அவள் சாமானாக வாங்கி வருவாள். தகப்பனுக்குக் கூரான மூக்குள்ள ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல், பூட்டுக்கென்றே செய்த எண்ணெய். இவர் அதைக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று ஹீற்றர்ப் பலகையில் வைத்தார். பக்கத்தில் என் தேங்காய் எண்ணெய். அதுவும் வெள்ளைப் பிளாஸ்ரிக், அதற்கும் கூர் மூக்கு. தலைச் சாயம் முடிந்த போத்தலைக் கழுவி நான்தான் அதில் ஊற்றியிருந்தேன்.

3

தை மாதம் ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் மழை. இரவு குளிர் இறங்கி விடியும்போது மைனஸ் பதினொன்று. காலை எட்டேகாலுக்கு இவருக்குக் கண் மருத்துவரிடம் தெர்மின்.

இந்தத் தெர்மின் என்ற சொல்லுக்குச் சந்திப்பு நேரம் என்று அர்த்தம் சொன்னால் போதாது. ஊரில் நல்ல நேரம் தவறினால் அடுத்த நல்ல நேரம் ஒன்றரை மணித்தியாலத்தில் வரும். இங்கே தெர்மின் தவறினால் அடுத்தது சித்திரையில் வரும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் தெர்மின் பறிபோகும் என்று கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. சித்திரைவரை ஊசி இல்லாமல் இடது கண் தாங்காது.

நான் வேலையில் லீவு எடுத்திருந்தேன். ஏழே கால் மணிக்கு இறங்கினோம். திறப்பை வைத்தேன். நுனி மட்டும் போய் நின்றது.

"இஞ்சேருங்கோ, திறப்புப் போகுதில்லை."

"தாரும் பாப்பம்."

இவருக்கும் போகவில்லை. மற்றப் பக்கக் கதவு, பின் கதவு, இரண்டும் அப்படியே. உள்ளே கண்ணாடிக்குக் கீழே அந்தப் பூட்டு மருந்துக் குப்பி நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே ஓடிப்போய்ச் சுவாமி அறை நெருப்புப்பெட்டியை எடுத்து வந்தேன். திறப்பைச் சூடாக்கி வைத்தால் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று குச்சி கிழித்துச் சூடாக்கினேன். இந்தமுறை கொஞ்சம் உள்ளே போனது. இழுத்தபோது திறப்பின் பல்லெல்லாம் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. ஐஸ் என்றால் கையில் தண்ணீராகும். இது வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன்.

மைனஸ் பதினொன்றில், ஜேர்மன் தெருவில், எங்கள் கார்க் கதவில், தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வாசம்.

"பூட்டுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

இவர் கையை நீட்டித் திறப்பை வாங்கி, பெருவிரலால் தடவி, மூக்கடியில் வைத்துப் பார்த்தார். பிறகு எனக்கு முகம் காட்டாமல் காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தேங்காயெண்ணெய்தான். நேற்றுப் பின்னேரம் மூண்டு பூட்டுக்கும் விட்டனான். தடைக் காலத்தில எல்லாத்துக்கும் அதுதானே விட்டனாங்கள். ஒண்டும் பழுதாகேல்லையே."

என் வாய் எப்போதுமே என்னைவிட இரண்டு அடி முன்னால் போகும். அன்றைக்கு நாலு அடி.

"அங்க முப்பத்திரண்டு பாகை வெயில். வீட்டுக்குள்ளயே கட்டியாகிற எண்ணெயைக் கொண்டுவந்து இந்தக் குளிருக்குள்ள பூட்டில விட்டால் என்ன ஆகும் எண்டு பால்குடியும் சொல்லும். பிள்ளை வாங்கித் தந்தது பக்கத்திலயே இருக்கு. அதைவிட உங்களுக்குத் தேங்காயெண்ணெய் பெரிசாப் போச்சு. இருபத்தாறு வருசம் காருக்குக் கீழ படுத்து எழும்பின மனிசன்! மூளையும் உறைஞ்சு போச்சோ?"

இவர் சிரித்தார். பிழை செய்துவிட்டு அகப்பட்ட சின்னப் பையனின் சிரிப்பு. "பழக்கதோசம்" என்றார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

4

கீழ்வீட்டு ஹெல்கா யன்னலைத் திறந்தார். எழுபது வயது, முன்பு ட்ராம் ஓட்டியவர், காலையில் முதல் சிகரெட்டை யன்னலில் நின்றுதான் பிடிப்பார். ட்ராமில் போகலாமா என்று கேட்டேன். மேலே ஓடும் கம்பியெல்லாம் ஐஸ் பிடித்துவிட்டது, பத்து மணிவரை ஒரு வண்டியும் அசையாது என்றார். டாக்சிக்கு அடித்தேன். ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். கண் மருத்துவரிடம் பிந்தி வருவோம் என்று சொல்ல அடித்தேன். வரிசையில் நீங்கள் பதினோராவது ஆள் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லி, பியானோ வாசிக்க விட்டது. பியானோ முடிந்து திரும்பத் தொடங்கியபோதும் நாங்கள் பதினோராவது ஆள்தான்.

மணி ஏழு முப்பத்தைந்து.

கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போனேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கு அதுவும் இல்லை. இவர் கேத்தலை மறித்தார்.

"ஊத்தாதையும். எண்ணெய் இளகும்தான், ஆனா தண்ணி உள்ள போய் ரெண்டு நிமிசத்தில ஐஸாகும். பிறகு எண்ணெய்க்குப் பதிலா ஐஸைக் குடையவேண்டி வரும். ஈரமில்லாத சூடு வேணும்."

அவ்வளவு தெளிவாக, வேலைத்தலத்தில் புதியவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர் ஏன் அதைச் செய்தார் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹெல்கா தலைமயிர் காயவைக்கும் மெசினையும் ஒரு நீட்டு வயரையும் யன்னலால் இறக்கினார். நான் அதைப் பூட்டுக்கு நேரே பிடித்தேன். கை விறைத்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். துவாரத்திலிருந்து எண்ணெய் ஒரு கோடாக வழிந்து நீலக் கதவில் இறங்கியது.

"அது என்ன, வெண்ணெயா?" என்று கேட்டார் ஹெல்கா.

"தேங்காய் எண்ணெய்" என்றேன்.

"பூட்டுக்கா?"

"எங்கள் நாட்டில் அப்படித்தான்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறத்தியாருக்கு முன்னால் புருசனை விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள்ளே எவ்வளவும் பேசலாம்.

ஹெல்கா தலையை ஆட்டினார். ஏதோ ஆழ்ந்த கலாசாரத்தைக் கண்டுவிட்ட மரியாதை அவர் முகத்தில் இருந்தது.

இவர் கையுறையைக் கழற்றினார். பெருவிரலால் துவாரத்தைத் தேடி, விரலை ஓரமாக வைத்துக்கொண்டு திறப்பை அதன்மேல் வழுக்கவிட்டு உள்ளே செலுத்தினார். கண் இரண்டும் மூடியிருந்தன. கொஞ்சம் அசைத்தார், நின்றார், வெளியே இழுத்துத் துடைத்தார், மறுபடி விட்டார். "பொறும்... உள்ள இன்னும் ஒரு பல் இறங்கேல்லை... இப்ப." கதவு திறந்தது. மாமா சொன்ன பழைய கதை நினைவுக்கு வந்தது. மனிதர் வித்தை காட்டுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எரிச்சல்பட்டேன்.

5

மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாற்பத்தைந்து. ஐஸால் பாதிப் பேர் வரவில்லை, காத்திருக்கும் அறையில் மூன்றே பேர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தார்.

"ஹெர் சிவநேசன் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது."

"வந்து நிற்கிறாரே" என்றேன்.

"எட்டரைக்குப் பிறகு கணினி தானாகவே மூடிவிடும். அவர் வரவில்லை. சித்திரை பதினாறாம் திகதி ஒன்று இருக்கிறது."

கதிரைகள் வெறுமையாக இருக்கின்றன, டொக்டரும் சும்மா இருக்கிறார், எங்களை விடுங்கள் என்று என் சமையலறை ஜேர்மனில் கேட்டேன். விடுவதற்கு அவருக்கு விருப்பம்தான், ஆனால் கணினிக்குத் தெர்மின் வேண்டும், தெர்மினை மூடியதும் கணினிதான். நான் நகரவில்லை. கார்ப் பூட்டு, குளிர், எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் பிசுபிசுத்த திறப்பை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"திடீரென்று பார்வை குறைந்த நோயாளி என்றால் தெர்மின் தேவையில்லை. அவசரப் பிரிவு. ஒரு படிவம் நிரப்ப வேண்டும்."

நிரப்பினேன். பார்வைக் குறைவு எப்போது தொடங்கியது என்று ஒரு கேள்வி. 'இன்று காலை' என்று எழுதினேன். அரசாங்கத்துக்குக்கூட நான் பொய் எழுதியவள் அல்ல. கை கொஞ்சம் கூசியது. இவர் பக்கத்தில் குனிந்தபடி கையுறையை மடித்துக்கொண்டிருந்தார்.

வழமையாக இவரை மூன்றாம் அறைக்குக் கூப்பிடுவார்கள், நான் வெளியே இருப்பேன். அவசரப் பிரிவென்றால் முதலாம் அறை, கூட வந்தவரும் உள்ளே வரவேண்டும். இளம் உதவியாளப் பெண் ஒருத்தி இவரைக் கதிரையில் இருத்தி, முதலில் இடது கண்ணைச் சோதித்தாள். பிறகு அதை மூடி, வலது கண்ணால் சுவரில் தெரியும் இலக்கங்களை மேலிருந்து வாசிக்கச் சொன்னாள்.

இவர் நிமிர்ந்து இருந்து வாசித்தார். ஏழு, மூன்று, ஒன்பது. அடுத்த வரி. இரண்டு, ஐந்து, ஐந்து, எட்டு. தடக்கவில்லை, யோசிக்கவில்லை. நாலாம் வாய்ப்பாடு ஒப்புவிக்கிறமாதிரி ஓடிக்கொண்டு போனார்.

நான் சுவரைப் பார்த்தேன். மேல் வரியில் நாலு, எட்டு, இரண்டு என்று என் உள்ளங்கை அளவு எழுத்தில் இருந்தது. ஏழே இல்லை.

உதவியாளப் பெண் நிறுத்தச் சொல்லவில்லை. இவர் ஐந்தாம் வரியையும் முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கதிரைப் பக்கம் குனிந்தாள்.

"ஹெர் சிவநேசன், அது மூன்றாம் அறையின் அட்டை."

இவர் கை மடியில் கிடந்தது. அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். இப்படிப் பார்க்கும்போதெல்லாம் இவருக்குத் தெரிகிறது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

என் விரல்களில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசம். ஹீற்றர்ப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வெள்ளைப் போத்தல்கள் கண்ணுக்குள் வந்தன. பின்னேரம் நாலு மணி, தை மாதத்து இருட்டு. எண்ணெய்களின் குணம் தெரிந்து அந்தத் தொழிலாலேயே பிழைத்த மனிதர். இவர் தேங்காய் எண்ணெயைத் தெரிந்து எடுக்கவில்லை. எது எது என்று தெரியாமல் எடுத்திருக்கிறார். தெருவில் நின்று, திறப்பை முகர்ந்து பார்த்த அந்த ஒரு கணத்தில்தான் தான் செய்தது இவருக்கே தெரிந்திருக்கிறது. 'கண் தெரியவில்லை' என்று சொல்வதைவிட 'நான் முட்டாள்' என்று சொல்வது சுகம் என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுத்து, தடைக் காலத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் மெல்லிய கடதாசி ஒன்றைத் தந்தாள்.

6

டொக்டர் வலது கண்ணையும் படம் பிடித்தார். அதிலும் நீர் கோர்த்திருந்தது. இடதுகண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வலதில் ஒரு முறைப்பாடும் இல்லையே என்று அட்டை வாசிப்போடு விட்டுவிட்டோம் என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அன்றைக்கே இரண்டு கண்ணுக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். சித்திரைவரை போயிருந்தால் என்று நான் கேட்டேன். அவர், இப்போது வந்தது நல்லது என்று மட்டும் சொன்னார்.

காருக்குள் ஏறி இருந்தோம். நான் எஞ்சினைக் கிளப்பவில்லை.

"எப்ப தொடக்கம்?"

"ஒக்டோபர்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் என்னைக் காரைத் தொட விடமாட்டீர். வேலையையும் விட்டிட்டு என்னோட குந்தியிருப்பீர்." காரின் உட்பலகையைத் தடவிக்கொண்டு, "இதுதானே எனக்கு மிஞ்சினது" என்றார்.

"காலமை நான் கண்டபடி பேசிப்போட்டன். மூளை உறைஞ்சு போச்சோ எண்டு கேட்டன்."

"அது நல்லதாப் போச்சு. மூளை எண்டபடியா சிரிச்சன். கண் எண்டு கேட்டிருந்தால் நான் என்னத்தைச் சொல்லியிருப்பன்?"

கட்டுப் போட்ட கண்களோடு முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். இந்த மனிதரோடு முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன். என் எஞ்சின் சத்தத்தை இவர் கேட்டதுபோல நான் இவரைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லவும் சொன்னேன். "சரி, எடும் காரை, பார்க்கிங் நேரம் முடியப் போகுது" என்றார்.

அபிக்குப் பின்னேரம் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் தமிழில் கேட்டாள். "அம்மா, அப்பா சாப்பிட்டாரா?" அடுத்த சனிக்கிழமை நாலு மணித்தியாலம் ஓடி வந்து, ஒரு சாமானும் வாங்காமல், வெறுங்கையோடு வாசலில் நின்றாள்.

வலது கண் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மோசமாகவும் இல்லை. பெரிய எழுத்துத் தெரிகிறது, என் முகம் தெரிகிறது, காரின் நீலம் தெரிகிறது. சின்ன எழுத்து இனி வராது. இந்த வருடமும் டயர் மாற்றும்போது பக்கத்தில் நின்று, ஆணி இறுக்கிய பையனிடம் நாலாவது ஆணி சரியாக இறுகவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொன்னார். அவன் திரும்ப இறுக்கினான். இறுகத்தான் இல்லையாம்.

நான் காரை விற்போம், பொத்தானால் திறக்கிற கார் ஒன்று வாங்குவோம் என்று ஒரு முறை சொன்னேன். முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெயைப் பச்சைப் போத்தலில் மாற்றுவோம், அல்லது பூட்டு எண்ணெய்ப் போத்தலுக்கு ஒரு றபர் வளையம் போடுவோம், தடவினால் தெரியுமே என்றும் யோசித்தேன். அதையும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று சரியாகச் சொல்லத் தெரியாது. இவருக்குத் தெரியாமல் வீட்டை இவருக்கேற்றபடி மாற்றி வைத்தால், நாங்கள் இரண்டு பேரும் மறுபடியும் ஒளித்து விளையாடத் தொடங்கிவிடுவோம் என்று பயந்தேன்போல.

நேற்று மழை பெய்து ஓய்ந்தது. இரவு மைனஸ் ஏழுக்குப் போகும் என்று வானொலியில் சொன்னார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஹீற்றர்ப் பலகையில் இருந்து ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும். முகரவில்லை. போத்தலை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இஞ்சேரும், இது எது?"

கத்தியை வைத்துவிட்டு வாசித்தேன்.

"பூட்டுக்கு" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் யன்னலால் பார்த்தேன். முதலில் என் பக்கக் கதவு, பிறகு தன் பக்கக் கதவு, பிறகு பின் கதவு. மூன்று பூட்டுக்கும் ஆறுதலாக எண்ணெய் விட்டார்.